கார்மேகத்தின் சொந்தக் குரல்

கார்மேகம் படித்தது நாலாம் வகுப்பு. அதையும் முடிக்கவில்லை. ஆனால் துபாயில் அவர் கட்டிய சாரத்தை ஆட்டிப் பார்த்துவிட்டு ஏற வேண்டிய நிலைமை எந்த இன்ஜினியருக்கும் வந்ததில்லை. 1991இல் வெறும் ஹெல்பராக வந்து இறங்கிய ஆள், பத்தே வருஷத்தில் நாற்பது பேரை மேய்க்கிற ஃபோர்மேன். யாருடைய சிபாரிசும் கிடையாது. இந்தியில் அதட்டுவார், அரபியில் சமாதானம் பேசுவார், கையெழுத்து மட்டும் கொஞ்சம் கோணும். அதனால் எந்தக் கட்டடமும் கோணிவிடவில்லையே!

இவ்வளவும் அவருக்கு இரண்டாவதுதான். முதலாவது, அவர் ராஜபார்ட். மேலூர், சிவகங்கைப் பக்கம் திருவிழா நாடகங்களில் இருபது வருஷம் ராஜா வேஷம் கட்டியவர். மைக் செட் புகைந்துபோன ஒரு திருவிழாவில், வெறும் தொண்டையால் கடைசி வரிசைவரை வசனத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். ஊர்க் கமிட்டிக்காரர்கள் நாடகத்தை நிறுத்திவிட்டு வீடியோ போட ஆரம்பித்தபோதுதான் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு விமானம் ஏறினார்.

சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் இதை நம்ப ஆள் இல்லை. பக்கத்துக் கட்டில்காரன் முனியசாமி, பரமக்குடிப் பக்கத்துக்காரன், காலையில் குளிக்கப் போகும்போதே ஆரம்பித்துவிடுவான்.

"அண்ணே, ராஜாவா இருந்தாலும் வரிசையில பின்னாடி நிக்கணும். முன்னாடி ரெண்டு பாகிஸ்தான் பட்டாணி மந்திரிக நிக்கிறாய்ங்க."

"சிரிடா, சிரி. எந்தொண்டையக் கேட்டா நீ வாளியக் கீழ போட்டுருவ."

"எங்க, ஒரு தடவ எடுத்து விடுங்க."

"குளியலறை முன்னாடி எடுத்து விடுறதுக்கு அது என்ன காறலாடா?"

வளைகுடாவில் அந்தக் குரலைக் கேட்டிருந்தவர் ஒரே ஒருவர்தான்: தேரா பஜாரில் துணி மொத்த வியாபாரம் செய்த கீழக்கரைக்காரர் கௌஸ் முகைதீன். வாலிபத்தில் ஒரு திருவிழாவில் கார்மேகத்தின் நாடகத்தை முழுதாக உட்கார்ந்து பார்த்தவர். வெள்ளிக்கிழமை கடைக்குப் போனால், "வாங்க ராஜா" என்று எழுந்து நாற்காலி போடுவார். அந்த நாற்காலிக்காகவே கார்மேகம் பஸ் ஏறிப் போவார்.

2004இல் மெட்ராஸிலிருந்து ஒரு சினிமா கம்பெனி வந்தது. ஆட்களைச் சேர்த்துக் கொடுக்கிற பொறுப்பு கௌஸ் முகைதீனிடம். அவர் நேராகக் கார்மேகத்தைச் சொன்னார். கேம்ப்புக்கு வரும் கதாநாயகனிடம் ஒரு வயதான தொழிலாளி பேச வேண்டும். ஒரே வசனம்: 'ஊருக்குப் போனா எம் மகளப் பாருங்க தம்பி. அப்பன் நல்லா இருக்கான்னு சொல்லுங்க.'

கார்மேகம் சம்பளமில்லாத லீவு மூன்று நாள் எடுத்தார். ஒரு வாரமாக ஏசிக் காற்றுக்கு முதுகைக் காட்டிப் படுத்தார், குளிர்ந்த தண்ணீரைத் தொடவில்லை, வெந்நீரில் மிளகு போட்டுக் குடித்தார். இருபது வருஷக் குரல் இந்தப் படத்தில் ஏறிவிட்டால் போதும்; கேம்ப் மட்டுமல்ல, அதைக் கேட்காத உலகமே கேட்டுவிடும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அவர் பழகி வந்த நாடகத்தில் எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிறவனுக்கு மரியாதை இல்லை. கதை எல்லாருக்கும் தெரியும்; வசனத்தை மேடையில் நின்று அவரவரே கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு வரி கொடுத்தால் ஒன்பது வரியாக வளர்க்கிறவன்தான் ராஜபார்ட். அந்தப் பழக்கம் விடுமா? கேமரா ஓடியதும் எழுதிக் கொடுத்த வசனத்தைச் சொன்னார். நிறுத்தவில்லை.

"நாங் கட்டுன கட்டடத்துல மேகம் வந்து முட்டுது தம்பி, எம் மகளோட முகம் மட்டும் எட்டல. எம் முடிய இந்த வெயில் எடுத்துக்கிச்சு, எம் முதுக இந்தச் சாரம் எடுத்துக்கிச்சு, எங் குரல மட்டும் யாருக்கும் குடுக்கல. அதக் கொண்டுபோய் அவ காதுல போடுங்க..."

கண்ணில் தண்ணீர் தானாக வந்தது. கதாநாயகனே ஒரு நிமிஷம் அசையாமல் நின்றான். டைரக்டர் கட் சொல்லவில்லை. முடிந்ததும், "பிரமாதம்யா" என்றார்.

கார்மேகத்துக்கு ஒரே ஒரு சந்தேகம். பக்கத்தில் மைக்கைக் காணோம். உதவி டைரக்டரைக் கேட்டார்.

"அதெல்லாம் மெட்ராஸ்ல பாத்துக்குவோம் பெருசு."

தூரத்திலிருந்தே குரலைப் பிடிக்கிற பெரிய மெஷின் வைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டார். பேச்சை அப்புறம் ஒரு அறையில் உட்கார்ந்து வேறு யாராவது பேசி ஒட்டுவார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மேற்கொண்டு கேட்க அவருடைய கௌரவமும் விடவில்லை. தெரியாததைத் தெரியாது என்று அவர் எங்கே சொன்னார்?

அடுத்த மே மாதம் படம் வந்தது. தன் காசில் பதினெட்டு டிக்கெட் எடுத்து, அறைக்காரர்களைத் தியேட்டருக்குக் கூட்டிப் போனார். அவர் முகம் திரை முழுக்க வந்தது. முனியசாமி விசிலடித்தான். வாய் திறந்தது.

"தம்பி... பிரியாணி வருமா தம்பி?"

மூக்கால் பேசுகிற கீச்சுக் குரல். எவனோ. திரையில் கார்மேகத்தின் வாய் அசைந்துகொண்டே போனது. அந்த அசைவு முடிகிறவரை குரலும் விடவில்லை. "லெக் பீஸ் வருமா? முட்டை வருமா? வெங்காயம் தனியா வருமா?" கண்ணில் தண்ணீர் வழிய வழிய அவர் லெக் பீஸ் கேட்டார். தியேட்டர் உருண்டு சிரித்தது. ஒரு வரியோடு நிறுத்தியிருந்தால் அவ்வளவு சிரிப்புக்கு இடமே இருந்திருக்காது. அந்த இடத்தை நீளமாக வெட்டிக் கொடுத்தது அவரேதான்.

"அண்ணே, சொல்லவே இல்ல, இம்புட்டு காமெடியா!" என்று முனியசாமி தோளில் தட்டினான்.

ஊரிலிருந்து மனைவி நாகவள்ளி போனில் சொன்னாள்: "வாயி உங்க வாயி. தொண்ட எந்தப் பயலுது?"

கார்மேகம், ஊரில் மழை உண்டா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு சைட்டில் அவருக்குப் பெயரே லெக் பீஸ். கீழ் வேலைக்காரர்கள்கூட முதுகுக்குப் பின்னால் கீச்சுக் குரலில் கேட்டார்கள். 2006இல் சித்திரை முதல் நாள் வெள்ளிக்கிழமையாக வந்தது. ஒரு பள்ளிக்கூட ஹாலில் மத்தியானம் தமிழ்ச் சங்க விழா. கௌஸ் முகைதீன் முன்நின்று ஏற்பாடு செய்து, கார்மேகத்தைக் கூப்பிட்டார். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் மேடை என்றதும் அவருக்குக் கால் நிற்கவில்லை. இன்றைக்கு இந்தக் கூட்டத்தின் காதில் தன் குரலை அடித்து ஏற்றிவிட வேண்டும் என்று போனார்.

மைக்கைத் தள்ளி வைத்தார். அடிவயிற்றிலிருந்து எடுத்தார்.

"என் நாட்டை எடுத்துக்கொள்! என் முடியை எடுத்துக்கொள்! ஆனால் நான் குனிந்து நிற்பதை நீ பார்க்க முடியாது!"

ஐம்பத்தாறு வயதிலும் குரல் கடைசிச் சுவரில் மோதித் திரும்பியது. ஹால் நடுவிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"அண்ணே, மிமிக்ரியெல்லாம் வேணாம்ணே! உங்க சொந்தக் குரல்ல பேசுங்க!"

"ஆமா, லெக் பீஸ்! லெக் பீஸ்!"

கார்மேகம் முன்வரிசையில் கௌஸ் முகைதீனைத் தேடினார். வளைகுடாவில் அந்தக் குரலுக்கு இருந்த ஒரே சாட்சி. அவர் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்க, சொல்லுங்க, புள்ள கேக்குது" என்று கையைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கார்மேகம் மைக்கைத் திரும்ப இழுத்து வாய் பக்கத்தில் வைத்தார். மூக்கைச் சுருக்கினார்.

"தம்பி... பிரியாணி வருமா தம்பி?"

வெளியே வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. கேம்ப் பஸ் வரும்வரை கடை ஓரத்துப் போனில் கார்டைத் தேய்த்து எண்ணை அழுத்தினார்.

"என்ன பேசுனீங்க?" என்றாள் நாகவள்ளி.

"ராஜா வசனந்தான்."

"கை தட்டுனாய்ங்களா?"

"தட்டுனாய்ங்களாவா? இந்த ஊர்ல இதுவரைக்கும் ஒருத்தனுக்கும் அப்பிடித் தட்டுனதில்ல."

"அப்ப எனக்கும் ஒருக்கா சொல்லுங்க. கேட்டு எம்புட்டு வருசமாச்சு."

கார்மேகம் வாயைத் திறந்தார். பிறகு, "கார்டு தீந்துருச்சு நாகு" என்று சொல்லிப் போனை வைத்தார். கார்டில் இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.