இரட்டை டிஸ்க் பெட்டியும் அண்ணாச்சியின் மயிலும்

பட்டாசுக்கு லேபிள் டிசைன் போடுகிற தொழிலில் திரி கொளுத்தாமலே நெஞ்சு படபடக்கும். பிள்ளைகள் மாட்டிவைத்துவிட்டு வெளியூர் போன மிஷின்களுக்குக் காவல் இருக்கும் தாய்மாரே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

பல்லி சொன்னது

சிவகாசியில் எங்கள் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். டிசைன் போடுவது மருமகள் செல்வி. ஆர்டர் பேசுவது நான். மகன் சரவணன் பெங்களூர் வேலைக்குப் போகுமுன் ஒரு சின்னப் பெட்டி மாட்டினான். உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க். போட்ட டிசைன் எல்லாம் இரண்டிலும் ஒன்றுபோல் பதிவாகும். ஒன்று கெட்டாலும் மற்றது காப்பாற்றும்.

சாத்தூரில் பட்டாசு ஆலை வைத்திருக்கும் அண்ணாச்சி சீசன் ஆர்டர் கொடுக்க வந்தார். "லேபிள்ல போன வருசத்து மயிலையே போட்ருங்கம்மா. சனம் மயிலப் பாத்துத்தான் எங்க வெடிய வாங்குது" என்று அவர் சொல்லி முடிக்கவும், பெட்டி கீச் கீச்சென்று கத்தவும் சரியாக இருந்தது. நான் பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன். அவரோ சுவரைப் பார்த்துக் கும்பிட்டார். "பல்லியே சொல்லிருச்சு. இந்த வருசம் யாவாரம் அமோகம்தான்!"

மடியில் ஒரு டிஸ்க்

"பெட்டி கத்துச்சுன்னா ஒரு டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்மா. மிச்சம் இருக்கிறதுக்கும் அதே வயசுதான். அதுவும் போறதுக்குள்ள புதுசு மாட்டணும், இல்லன்னா மயிலும் கெடையாது, மத்ததும் கெடையாது" என்றான் சரவணன் போனில். விருதுநகரில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் பாயிடம் அதே அளவில் ஒன்று வாங்கினேன். குலுங்காமல் கொண்டுபோகச் சொன்னார்.

பஸ்ஸில் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். பள்ளத்துக்குப் பள்ளம் முருகனைக் கூப்பிட்டேன். கண்டக்டர் என்னையும் பார்த்தார், பொட்டலத்தையும் பார்த்தார். "என்னம்மா, வெடியா? எல்லாரும் சிவகாசியில இருந்துல்ல கொண்டு போவாக, நீங்க சிவகாசிக்கே கொண்டு போறீக!"

பொட்டு வைத்த லைட்

"முன்னால ரெண்டு சின்ன லைட் இருக்கும்மா. செவப்பா எரியிற பக்கத்து டிஸ்க்க உருவு. மாத்தி நல்லத உருவிறாத, அம்புட்டும் போயிரும்" என்றான் சரவணன்.

பார்த்தால் இரண்டுமே சிவப்பு! போன ஆயுத பூஜைக்குச் செல்வி ஒரு மிஷினையும் விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். இந்தப் பெட்டிக்கு வைத்தது சரியாக அந்த லைட்டுகள் மேல். ஈரத்துணியில் சந்தனம் போயிற்று, குங்குமக் கறை போகவில்லை. தேங்காய் எண்ணெய் தொட்டு மெதுவாகத் துடைத்தேன். ஒன்று பச்சையாயிற்று. மற்றது எவ்வளவு துடைத்தும் சிவப்புதான். அதை உருவிவிட்டுப் புதியதைத் தள்ளி மாட்டினேன். செல்வி முனகினாள்: "இதுக்கு நெத்தி எங்கன இருக்குன்னு தெரியல அத்தை, கண்ணுல வச்சுட்டேன்."

ஃபேன் இல்லாத மத்தியானம்

மிச்சமிருந்த பழைய டிஸ்க்கில் இருப்பதைப் புதியது முழுக்கப் பதிந்துகொள்ள ஒரு பகலாகும், நடுவில் கரண்ட் நிற்கக்கூடாது என்று சரவணன் சொல்லியிருந்தான். அப்போதெல்லாம் தினமும் கரண்ட் போகும். அன்றைக்கும் போனது. இன்வெர்ட்டரில் பெட்டி மட்டும் ஓடட்டும் என்று ஃபேன், லைட் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "ஏத்தா செல்வி, ஃபேனப் போடு."

"போட்டா பேட்டரி தீந்துரும் அண்ணாச்சி. ஒங்க மயில் பறந்துரும்."

அவர் சட்டென்று எழுந்து, பேப்பரை மடித்துப் பெட்டிக்கு விசிற ஆரம்பித்தார். "எனக்கு வேர்த்தா துடைச்சுக்கிடலாம். மொதல்ல இதுக்கு வேர்க்காமப் பாருங்க."

கரண்ட் வந்தது. சாயங்காலம் இரண்டு லைட்டும் பச்சையாக எரிய, செல்வி திறந்து காட்டிய மயில் ஒரு இறகுகூடக் குறையாமல் நின்றது. முருகன் காப்பாற்றுவான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. வேறொரு இடத்திலும் ஒரு காப்பி எடுத்து வைத்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் வேலை குறைந்திருக்கும், அவ்வளவுதான்.