குழாய் வைத்த ஞானஸ்நானத் தொட்டி

'ஆத்தும அறுவடைக்கான கரையோரப் பிராந்திய ஒருங்கிணைப்பாளர், ஆற்றல்மிகு பேச்சாளர்.' புதிய திருச்சபையின் தலைமையகம் றூபியைப் பற்றி இப்படித்தான் அச்சிட்டிருந்தது. பாண்டிருப்பில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் றூபி, ஜெபக்கூட்டத்தில் வாய்விட்டு ஜெபிக்கும் முறை தன்னை நெருங்குகிறது என்றால், அடுப்பைப் பார்த்துவிட்டு வருவதாக எழும்பிப் போய்விடுகிறவர். விதிப்படி அப்படியொரு பதவி இருந்தே ஆகவேண்டும். மற்றப் பதவிகளை மற்றவர்கள் எடுத்துவிட்டார்கள். றூபியிடம் சபைக் கேற்றைப் பூட்டித் திறக்கும் திறப்பு இருந்தது. பதவியும் அதோடு வந்து சேர்ந்தது.

பழைய திருச்சபையை விட்டுப் புதியதற்கு வந்ததே ஊழியத்துக்காகத்தான் என்று பாண்டிருப்புச் சபையின் கமிட்டி ஒரே குரலில் சொன்னது. அந்த ஒரே குரல் அத்துடன் முடிந்தது. பிறகு, ஊழியத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள். 'போதகர் ஐயா' என்பதா, 'பாஸ்டர்' என்பதா? பாட்டுக்குக் கொட்ட றம் செட் வேண்டுமா? பெயர்ப்பலகை நீலமா, சிவப்பா? ஒன்றில் மட்டும் சண்டை வரவில்லை. புதிய சபையில் தலையில் தெளித்த ஞானஸ்நானம் செல்லாது, முழுக்குத்தான். ஆகவே, தொட்டி.

கட்ட வந்தவர் சாய்ந்தமருது றாஸிக் மேசன். அவர் அதுவரை கட்டியதெல்லாம் பள்ளிவாசல்களில் தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஹவுழ்கள். ஆள் இறங்குகிற தொட்டி என்பதற்குமேல் யாரும் அவருக்கு விளக்கவில்லை. கமிட்டி பார்க்கப் போனபோது, மார்பளவு உயரத்தில் டைல்ஸ் பதித்துப் பளபளவென்று தொட்டி நின்றது. ஏறி இறங்கப் படிகள். சுற்றிவர வரிசையாகக் குழாய்கள். ஒவ்வொரு குழாய்க்கும் முன்னால் குந்தியிருக்க ஒரு சீமெந்துக் கட்டை.

"றாஸிக் காக்கா, குழாய் என்னத்துக்கு?" என்றார் பாஸ்டர் இராசதுரை.

"குழாய் இல்லாத தொட்டிய நான் கட்டினதே இல்ல ஐயா. வேணாமெண்டா தொறக்காம இரிங்க."

கமிட்டி அதையும் ஒருமனதாக ஏற்றது.

கார்த்திகைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறிக்கப்பட்டது. கொழும்பிலிருந்து கண்காணிப்பாளர் வருவார். அவர் முன்னிலையில் கமிட்டி முழுவதும் மூழ்கி எழும்ப வேண்டும். அப்போதுதான் சபை முறைப்படி சேர்க்கப்படும். புதன்கிழமையே தொட்டியைக் குழாய்த் தண்ணீரால் விளிம்புவரை நிரப்பி, தறப்பாள் போட்டு இறுகக் கட்டினார்கள்.

அன்று பிடித்த மழை வெள்ளிக்கிழமைதான் விட்டது. மேற்கே எங்கோ பெரிய குழாய் உடைந்து, ஊர்களுக்கு நீர் வருவது நின்றது. கிணறுகளில் வெள்ளம் கலந்து தேத்தண்ணி நிறத்தில் கிடந்தது. கடைகளில் போத்தல் தண்ணீரும் தீர்ந்தது.

சனிக்கிழமை காலையில் சல்மா உம்மா வெறுங்கலனோடு சபைக் கேற்றடியில் நின்றார். மருதமுனையில் நெசவு வீடு. றூபியிடம் வருசக்கணக்கில் இடியப்பம் வாங்குகிறவர்.

"புள்ள றூபி, ஒங்கட சேர்ச்சில தண்ணி இரிக்காமே? றாஸிக் சொன்னான். பேரப்புள்ளைக்குப் பால்மா கரைக்கவும் ஒரு சொட்டு இல்ல மகள்."

அவருக்குப் பின்னால் தெரு நீளத்துக்கு வாளிகள். றூபியின் இடுப்பில் திறப்பு இருந்தது. பின்னால் பாஸ்டரும் இருந்தார்.

"றூபியக்கா, பொறுங்க! இது நாளைக்கு முழுக்குக் குடுக்கிற தண்ணி."

"நாளைக்குத்தானே ஐயா. இண்டைக்கு இது வெறுந்தண்ணி."

"தண்ணி முடிஞ்சா நாம எல்லாரும் எங்க மூழ்குற?"

"கடல் அங்கதானே கிடக்கு. யோர்தான் ஆத்தில டைல்ஸ் பதிச்சா கிடந்த?"

வெளியே சல்மா உம்மாவே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பாஸ்டர் சிரிக்கக் கூடாது என்று முகத்தை இறுக்கிப் பார்த்தார், முடியவில்லை. "சரி, திறங்க" என்றார். கேற் அதற்குள் திறந்தாயிற்று.

அப்புறம் அந்த வளவு திருவிழா மாதிரி ஆனது. தறப்பாள் பறந்தது. குழாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இரைந்தன. சீமெந்துக் கட்டைகளில் வாளிகள் ஏறின. றம் செட் கேட்டவரும் கூடாதென்றவரும் ஒரே அண்டாவின் இரண்டு காதுகளைப் பிடித்துக்கொண்டு மருதமுனைப் பக்கம் ஓடினார்கள். "பாத்து மச்சான், சிந்தாத!" என்று ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டார்கள். அவர்கள் 'மச்சான்' என்று பேசிக்கொள்வதை றூபி அன்றுதான் கேட்டார். மாலையில் தொட்டி காய்ந்தது.

ஞாயிறு விடிய ஒரு தண்ணீர்ப் பவுசர் லொறி வந்தது. குழாயுள்ள தொட்டி இங்கே இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். மறுபடியும் விளிம்புவரை நிரப்பிவிட்டுப் போனது. அந்நேரம் பார்த்து, தேங்கிய வெள்ளத்தில் நனையாமல் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி கண்காணிப்பாளர் வந்து சேர்ந்தார்.

"தொட்டி தயாராக இருக்கிறதே! இறங்குவோமா?"

றூபி பாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். சபையின் சேர்க்கை முழுவதும் அந்த ஒரு பதிலில் தொங்கியது.

"இறங்கேலா ஐயா," என்றார் இராசதுரை. "ஆக்கள் குடிக்கிற தண்ணி."

கமிட்டியில் ஒருவரும் மறுத்துக் கதைக்கவில்லை. பாஸ்டர் சொன்ன ஒன்றைத் தர்க்கமில்லாமல் அவர்கள் ஏற்றது அதுவே முதல் தடவை. கண்காணிப்பாளர் கேற்றடியில் மறுபடியும் நீண்டிருந்த வாளி வரிசையைப் பார்த்தார். சப்பாத்தைச் சுவரோரம் வைத்தார். "எந்த வாளி?" என்றார்.

கடல் அடங்கியபின் ஒரு நாள் கமிட்டி கடலில் மூழ்கி எழும்பியது; சபையும் சேர்க்கப்பட்டது. அடுத்த கூட்டத்தில் பெயர்ப்பலகையின் நிறம் யாருக்கும் நினைவில் இல்லை. எந்தத் தெருவில் வெள்ளம் கலந்த கிணறு இறைக்க ஆளில்லை என்பதைப் பற்றித்தான் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

றூபி அந்தச் சனிக்கிழமை பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. கேற்றைத் திறந்தார், குழாய்களைத் திறந்தார், தண்ணீர் தீரும்வரை மூடவில்லை.