கையில் மாட்டிய செருப்பு

இரும்புலியூரில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு வேன் இடித்து வலது கால் எலும்பு உடைந்தது. உள்ளே கம்பி வைத்துத் தைத்து, மேலே கொண்டுவந்து போட்டார்கள். நாலு மாதம் அங்கேயே கிடந்தேன்.

நடுவில் ஒரு முறை இறங்கப் பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் தூக்கினார்கள். படி திரும்பும் இடத்தில் நாற்காலியின் கால் முறிந்தது. கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு கத்தினேன். அதோடு சரி. அப்புறம் மின்விசிறி, ஜன்னல், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. இவ்வளவுதான் உலகம்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் இரண்டாவது மாடிக்காரியை உதாரணம் காட்டினார்கள். சர்க்கரை வியாதியில் அவளுக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் தினமும் தானே இறங்கிப்போய் கேட் பக்கத்தில் இட்லி மாவு விற்பாள்.

"அந்த அக்காவப் பாரு, இன்னா தைரியம்!"

சொன்ன ஒருத்தரும் அவளுடைய மாவு வாளியைத் தூக்கிக் கொடுத்ததில்லை. கேட்டுக் கேட்டு எனக்கு அவள் மேலேயே எரிச்சல் வந்தது.

அப்போதுதான் நான் தையல் வேலை பார்க்கும் கம்பெனியிலிருந்து போன். வேலைக்குத் திரும்புவதாகத் திங்கட்கிழமை நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் என் மெஷினில் வேறு ஆள். பன்னிரண்டு வருஷம் நான் உட்கார்ந்த மெஷின்.

வெள்ளிக்கிழமை காலை ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்தேன். கீழே இரண்டாவது மாடிக்காரி படியில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, எப்படி இறங்குறீங்க?"

"குந்திக்கினேதான்." இடது கையைத் தூக்கிக் காட்டினாள். அதில் செருப்பு மாட்டியிருந்தது. "கால் போச்சு, செருப்பு மிச்சம். வெறுங்கைய ஊனினா படி கிழிச்சிடுது."

"பயமா இல்லையா?"

"இல்லாம இன்னா? மொத நாளு இதே எடத்துல ரெண்டு மணி நேரம் அழுதுகினு இருந்தேன், ஒரு நாயும் வரல. மேல ஏறவும் தெரியல. அதான் எறங்கிட்டேன். தைரியமாம், தைரியம்! நீ இன்னா மகாராணியா, சேர்ல போறதுக்கு? குந்துடி."

நாலு மாதத்தில் முதல் முறையாகச் சிரித்தேன். யாரும் சொல்லாத விஷயம் அந்த அழுகைதான். அதைக் கேட்ட பிறகு அவள் மேல் இருந்த எரிச்சல் போய்விட்டது.

வலது செருப்பைக் கையில் மாட்டினேன். உட்கார்ந்தேன். காலை நீட்டி ஒரு படி. உள்ளே கம்பி குத்தியது. அழுதேன். இன்னொரு படி. அவள் எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டே திட்டினாள். கேட்டைத் தொட்டபோது பாவாடையெல்லாம் புழுதி.

ஏறும்போது உட்கார்ந்தபடியே படிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏற வேண்டும். அதற்கு இரண்டு மடங்கு நேரம் ஆனது.

திங்கட்கிழமை விடிந்ததும் படியில் உட்கார்ந்தேன். ஆட்டோ காத்திருந்தது. போய்க் கையெழுத்துப் போட்டேன். மெஷின் என்னிடமே இருக்கிறது. வீடு இன்னும் மூன்றாவது மாடியில்தான் இருக்கிறது.