பக்கத்துக் கடை நம்பர்

1984 எனக்குக் காது வழியாகத்தான் வந்தது. எறணாகுளம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் கால்களை இணைத்துத் தரும் டிரங்க் ஆபரேட்டர் வேலை. காலையில் மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகு ஏறிப் போனால், மாலை வரை தலையில் ஹெட்செட். நாட்டில் எது நடந்தாலும் முதலில் எங்கள் போர்டில் விளக்குகள் எரியும். பேப்பரில் வருவதெல்லாம் அப்புறம்தான்.

ஏப்ரலில் நம் ஆள் ஒருவர் விண்வெளிக்குப் போய், அங்கிருந்து பிரதமரோடு பேசினார். அந்த வாரம் முழுக்க எங்களுக்குத்தான் ஏச்சு. யூதர் தெருவான ஜூ டவுனில் கடைக்காரர் ஒருவர், "சேச்சி, ஆகாசத்துக்கே லைன் கிட்டுது, இதோ இருக்கிற ஆலுவாவுக்குக் கிட்டலியா?" என்று கேட்டார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "அங்க கூட்டம் கம்மி" என்றேன். ஜூனில் அமிர்தசரஸில் ராணுவம் பொற்கோயிலுக்குள் புகுந்தபோது பஞ்சாபுக்கு லைனே கிடைக்கவில்லை. அதை யாருடைய தலைவலியோ என்றுதான் நினைத்தேன்.

மட்டாஞ்சேரிப் பக்கம் கொச்சங்காடியில் கிடங்கு வைத்து, சுக்கு வாங்கி டெல்லிக்கு அனுப்பும் சர்தார்ஜி ஒருவர் இருந்தார். நான் அவரைப் பார்த்ததில்லை. குரல் மட்டும் தெரியும். ஞாயிறுதோறும் கிடங்கிலிருந்து டெல்லிக்கு பி.பி. கால் கேட்பார். அதாவது, குறிப்பிட்ட ஆளைக் கூப்பிட்டுத் தரச் சொல்லும் கால். டெல்லியில் அவர் வீட்டில் போன் இல்லாததால் பக்கத்து மளிகைக் கடை நம்பர். நான் பெயரைச் சொன்னதும் கடைக்காரர் தெருவைப் பார்த்து "பாபிஜி" என்று, அண்ணியைக் கூப்பிடுவதுபோல், கத்துவது கொச்சி வரை கேட்கும். அவர் மனைவி மூச்சிரைக்க ஓடி வருவாள். பையனின் பரீட்சை, மாமியாரின் முழங்கால் வலி, எல்லாவற்றையும் மூன்று நிமிடத்துக்குள் பேசி முடிப்பார்கள். ஒட்டுக்கேட்கக் கூடாதுதான். கேட்காத ஆபரேட்டரை நான் கண்டதில்லை.

அக்டோபர் கடைசி நாளில் பிரதமரைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டது அவருடைய சீக்கியக் காவலர்கள் என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. ரேடியோவில் பாட்டு நின்று வெறும் வீணையும் சாரங்கியுமாக ஓடிக்கொண்டிருந்தது. டெல்லியில் சீக்கியர்களைத் தெருவுக்கு இழுத்து எரிக்கிறார்கள் என்று அது சொல்லவில்லை. மறுநாள் காலை டெல்லி ஆபரேட்டர் பெண்தான் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

அதே காலையில் சர்தார்ஜி அர்ஜென்ட் கால் கேட்டார். வெகுநேரம் முயன்று லைன் கிடைத்தது. கடைக்காரர்தான் எடுத்தார். நான் பெயரைச் சொன்னேன். "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று இந்தியில் சொல்லி வைத்துவிட்டார். சர்தார்ஜியிடம் அதைச் சொல்ல வேண்டியது என் வேலை.

"சேச்சி, ஒண்ணுகூடி நோக்கு" என்றார், தனக்குத் தெரிந்த மலையாளத்தில்.

மறுபடியும் போட்டேன். மறுபடியும் அதே பதில்.

"எடுத்தது யார்? அந்தக் கடைக்காரரா?"

"அவர்தான். அதே குரல்தான்."

சர்தார்ஜி ரிசீவரை வைத்தார். தினமும் முகம் பார்த்த மனிதரே அப்படி யாரும் இல்லை என்று சொன்னால் என்ன அர்த்தம்?

அடுத்த நாள் மதியம் டெல்லியிலிருந்து கிடங்குக்கு ஒரு பி.பி. கால் வந்தது. சர்தார்ஜியின் மனைவி. உயிரோடு இருக்கிறாளே என்று நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். கிடங்கைக் கூப்பிட்டேன். எடுத்தவர் பாலக்காட்டுத் தமிழ்க் கணக்கர்.

"அவர் நேத்து மத்தியானமே டெல்லி வண்டியில கேறிப் போயாச்சே, சேச்சி. நாங்க எத்தனை பேர் வேண்டாம்னு சொன்னோம். கேக்கணுமே."

எனக்குத் தெரிந்த இந்தியில் அவளிடம் சொன்னேன். கடைக்காரர் தங்களைக் கடையிலேயே மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார் என்றாள். யார் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வாராம். "நேற்று போன் வந்தது தெரியும். நான் உள்ளேதான் இருந்தேன். அவரை இங்கே வரவேண்டாம் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன்."

லைனை விடாமல், போர்டின் இன்னொரு இணைப்பு ஒயரை எடுத்து எறணாகுளம் ரயில் நிலையத்துக்குச் செருகினேன். வண்டி ஆந்திராவில் எங்கோ போய்க்கொண்டிருக்கும் என்றார் அங்கிருந்தவர். வழியில் ஒரு ஸ்டேஷனில் அவரை இறக்கிவிடச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். எந்தப் பெட்டி என்று கேட்டார். எனக்குத் தெரியாது. கணக்கரைக் கேட்டேன்; ரிசர்வேஷன் இல்லாமல் ஏறினாராம், அவருக்கும் தெரியாது.

"பெட்டி அறியாதே ஞான் எந்து செய்யும், சேச்சி?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. இந்தியாவின் எந்த ஊரையும் பிடித்துத் தரும் போர்டு என் முன்னால் இருந்தது. அந்த ஒரு ரயிலுக்கு மட்டும் அதில் துளை இல்லை. அந்தப் போர்டைக் கையால் உடைத்துப் போடலாம் போல ஆத்திரம் வந்தது.

அவளிடம் திரும்பி வந்து, வண்டி போய்க்கொண்டிருக்கிறது என்றேன்.

"அப்படியானால் தலைப்பாகையைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். முடியை வெட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் கேட்க மாட்டார்."

மூன்று நிமிடம் கடந்தும், நேரம் முடிந்தது என்று டெல்லி ஆபரேட்டர் பெண் குறுக்கே வரவில்லை. அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சொல்கிறேன்" என்றேன்.

அந்தக் கடை நம்பரை அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் யாரும் என்னிடம் கேட்கவில்லை.