சைகோன் கடிகாரம்

கடலூர் முதுநகரில் வாழ்ந்த சைதுன் பீவி, எதையும் வாய்விட்டுக் கேட்டுப் பெற்றவள் அல்லள். கணவர் அப்துல் வதூது வியட்நாமின் சைகோனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர் வருவதையே வாழ்க்கை என்று எடுத்துக்கொண்டவள் அவள்.

1965ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் அவருடைய நண்பர் அப்துல் ஹக் மட்டும் வந்தார். வதூது முஹர்ரம் மாதத்திலேயே விஷக் காய்ச்சலில் இறந்துவிட்டார். அடக்கமும் அங்கேயே முடிந்துவிட்டது. தந்தியில் சொல்ல மனம் வராமல் கப்பலுக்குக் காத்திருந்த ஹக், ஆறு மாதம் கழித்து ரஜப்பில்தான் கரை சேர்ந்தார். கைக்குட்டையில் சுற்றிய ஒரு பொன் கடிகாரத்தை அவள் முன் வைத்தார்.

ஊர் திரும்பிய பிரெஞ்சுக்காரர் ஒருவர் விற்றுச் சென்ற பழைய கடிகாரம் அது. ரூபாய்க் காசைப் போல் மெலிந்த உடல். பாலேட்டு நிறத்தில் முகம். மயிரிழை போன்ற நீல முட்கள். ஆண்கள் பொன் அணிவதை மார்க்கம் விலக்கியிருப்பதால், வதூது அதை ஒருநாளும் கையில் கட்டியதில்லை. சட்டைப்பையில் வைத்திருந்து, ஆளில்லாத நேரத்தில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பாராம். "அவ கட்டிக்கலாமில்ல" என்பாராம்.

சைதுன் அழவில்லை. தோல் வாரில் கோணூசியால் புதிய துளையிட்டுக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டாள். ஒருவர் உள்ளங்கையில் வைத்திருந்து அப்போதுதான் தந்ததைப் போல அது வெதுவெதுப்பாக இருந்தது. அன்றிலிருந்து, மாலை அஸர் தொழுகைக்குப் பின் வாசல் திரைக்கு அப்பால் யாரோ வந்து நிற்பதை அவள் உணர்ந்தாள். அதை எவரிடமும் சொல்லவில்லை.

கைம்பெண் நான்கு மாதமும் பத்து நாளும் பிற ஆண்கள் முன் வராமல் இத்தா என்னும் துக்கத்தில் அமர வேண்டும். பொன்னைக் களைய வேண்டும். வளையலையும் கம்மலையும் கருகமணியையும் கழற்றியவள், கடிகாரத்தைக் கழற்ற மறுத்தாள். அது நகையன்று, நேரம் பார்க்கும் கருவி என்று வாதாடினாள். சிதம்பரத்திலிருந்து வந்திருந்த அண்ணன் மனைவி சலீமா பீவிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏன்டி, வதூது அண்ணன் கட்டக்கூடாதுன்னப்ப அது தங்கம். நீ கட்டுனா மட்டும் மெஷினா?"

துக்க வீடு என்பதையும் மறந்து பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள். சைதுன் வளையலைக் கழற்றியது ஊருக்காக. கடிகாரத்தைக் கழற்றினால், அவர் இல்லை என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

வழக்கைத் தீர்க்க அண்ணன் லியாக்கத் அலி சிதம்பரத்தில் மார்க்கம் படித்த ஒரு ஹஜ்ரத்திடம் கேட்டுவந்தார். இத்தாவை இறந்த நாளிலிருந்தே கணக்கிட வேண்டும், செய்தி வந்த நாளிலிருந்து அல்ல என்பது ஹஜ்ரத்தின் தீர்ப்பு. அந்த நான்கு மாதமும் பத்து நாளும், ஹக் கரை சேருமுன்பே கழிந்துவிட்டிருந்தன.

"இத்தா முடிஞ்சு போச்சும்மா. தங்கமோ மெஷினோ, நீ தாராளமா கட்டிக்கலாம்."

எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். சைதுனின் கண்முன்னோ, முஹர்ரத்துக்கு மூன்று மாதம் பின்பு ரபீஉல் ஆகிரில் சிதம்பரத்தில் நடந்த ஓர் உறவுக் கலியாணம் எழுந்தது. அன்று இருந்த நகையெல்லாம் பூட்டி, மருதாணி இட்டு, மாப்பிள்ளையைக் கேலி பேசிக் கண்ணில் நீர் வரச் சிரித்திருந்தாள். அப்போதே அவர் மண்ணுக்குள் இருந்தார். அவள் அறியாமலேயே அவளுடைய துக்கத்தின் நாள்கள் சென்றுவிட்டன. திரைக்கு அப்பால் வந்து நிற்பவர் எதைக் கேட்டு நிற்கிறார் என்பது அவளுக்கு விளங்கியது.

கடிகாரத்தைக் கழற்றினாள். மணிக்கட்டு சில்லிட்டது. அண்ணனின் உள்ளங்கையில் அதை வைத்தாள். அவர் திகைத்து, ஹஜ்ரத் சொன்னதை மறுபடியும் சொன்னார்.

"சட்டத்துக்கு முடிஞ்சிருக்கலாம்ணே. அவுங்களுக்காக நான் ஒருநாகூட உக்காரலியே."

வெள்ளைப் புடைவையை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குச் சென்றவள், திரையை இழுக்குமுன் திரும்பினாள்.

"அஸருக்கப்புறம் அவுங்க வாசலுக்கு வருவாங்க. நான் இத்தாவுல இருக்கேன், உள்ள வரக்கூடாதுன்னு சொல்லிடுங்க."

அஸர் பாங்கு ஒலித்தபோது லியாக்கத் அலி வாசற்படியில்தான் நின்றுகொண்டிருந்தார்.