மூன்றாவது சிலிண்டர்

எதிர்ப் பட்டறைக்காரருக்குப் பூனை என்று பெயர் வைத்தது நான் இல்லை. ஆனால் அந்தப் பெயரைப் பரப்பியதில் எனக்குப் பாதிப் பங்கு உண்டு. டயர் கடைக்காரனுக்கு வாய்தானே விளம்பரம். பஞ்சர் ஒட்ட வந்தவர்களிடமெல்லாம், "இன்ஜின் சத்தம் போடுதா? எதிர்ல பூனைகிட்ட விடுங்க, வண்டி வந்ததே தெரியாத மாதிரி பண்ணித் தருவாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் தொட்ட வண்டிகள் உண்மையிலேயே பூனை நடை நடந்தன. ஆளும் அப்படித்தான். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசினால் வரி போடுவார்கள் என்று பயந்தவர் மாதிரி இருப்பார்.

அதற்குக் காரணம் இருந்தது. பட்டறை போடுவதற்கு முன்னால் பதினேழு வருஷம் ஓர் ஆலையின் ஜெனரேட்டர் அறையில் வேலை பார்த்தவர். லாரி அளவுக்கு இரண்டு டீசல் இன்ஜின், நாலு சுவர், நடுவில் இவர். அங்கே டீ வேண்டும் என்றால்கூடக் கையைக் காட்டித்தான் கேட்க வேண்டும். வெளியே வந்தபோது சத்தம் என்றாலே அவருக்கு ஆகாது. வீட்டில் மிக்ஸி ஓடினால் வாசலில் போய் நிற்பாராம். இதை அவர் சொல்லவில்லை, அவர் மனைவி சொன்னது.

அந்த அக்கா, மகளின் பிரசவத்துக்கு ஆறு மாதம் என்று போனவர். மூன்று வருஷம் ஆகிவிட்டது. முதலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். மகள் வேலைக்குப் போனதும் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை. வரவில்லை, அவ்வளவுதான். நான் அண்ணன் என்று கூப்பிடும் இவர், வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுப் பட்டறைக்குப் பின்னால் இருந்த அறைக்கு வந்துவிட்டார். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு தட்டு. ஒரு நாள் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். டம்ளரும் ஒன்றே ஒன்று. அவர் குடித்து, கழுவிக் கொடுக்கும்வரை நான் நின்றுகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் போனில் கூப்பிடுவாள். பேரன் ஒரு பொம்மையைக் காட்டிவிட்டு ஓடிவிடுவான். "ம்… சாப்பிட்டேன்… சரிம்மா." இவர் பங்கு முடிந்தது.

நான் போய்ப் பேசியிருக்கலாம். ஆரம்பத்தில் பேசினேன். பதில் வராத ஆளிடம் எவ்வளவு நாள்தான் வாயைத் தேய்ப்பது? விட்டுவிட்டேன். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

அவருக்கென்று மிஞ்சியது செடிக்காரம்மா ஒருவர்தான். ஊருக்கு வெளியே செடிப் பண்ணை வைத்திருப்பவர். தொட்டிகளைப் பிக்கப்பில் ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு வாரத்தில் மூன்று நாள் எங்கள் தெரு வழியாகச் சந்தைக்குப் போவார். காலை ஆறரைக்குப் பட்டறை வாசலில் வண்டி நிற்கும். பழுது ஒன்றும் இருக்காது. ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, ரோஜாவில் விழுந்த பூச்சி, மருமகளின் பிடிவாதம், முதுகு வலி என்று கால் மணி நேரம் பொரிந்து தள்ளுவார். அண்ணன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்பார். கை எப்போதோ சுத்தமாகியிருக்கும். துடைப்பது மட்டும் நிற்காது. கிளம்பும்போது செடிக்காரம்மா எனக்கும் கேட்கிற மாதிரி, "அண்ணன் கை பட்ட வண்டி, தூங்குற குழந்தைகூட முழிக்காது" என்பார். தப்பாக நினைக்க அதில் எதுவும் இல்லை. தனியாகக் கிடக்கிற மனுஷனுக்கு ஒரு குரல் வேண்டியிருந்தது. அந்த மூன்று நாளும் அவர் ஐந்தரைக்கே எழுந்து முகம் மழித்துக்கொள்வதை நான் கவனித்திருக்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை அந்தப் பிக்கப் உதறிக்கொண்டே வந்தது.

"நேத்துலேருந்து இப்படித்தாண்ணே" என்றார் செடிக்காரம்மா. "நின்னா குலுங்குது, ஓடினா கொஞ்சம் சமாளிக்குது, மேட்டைப் பார்த்தா செத்துப்போகுது. புதுப் பள்ளிக்கூடத்துக்கு நூறு தொட்டி ஏத்திட்டுப் போனேன். பாதி மேட்டுல நின்னுபோச்சு. மதியம் வரைக்கும் வெயில்ல கிடந்து அத்தனையும் வாடிடுச்சு. அவங்க வேற ஆளைப் பார்த்துக்கிட்டாங்க. ரெண்டு வருஷமா அலைஞ்சு பிடிச்ச இடம்ணே அது."

வண்டியை விட்டுவிட்டு அவர் போனதும் அண்ணன் வேலையில் இறங்கினார். இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறி கொடுக்கிற காயிலின் ஒயரைக் கழற்றி மாட்டினார். ஒன்று, இரண்டு, நாலு, எதைக் கழற்றினாலும் உதறல் கூடியது. மூன்றாவதைக் கழற்றியபோது ஒரு மாற்றமும் இல்லை. வேலை செய்யாமல் படுத்திருப்பது அதுதான். புது பிளக் போட்டார். மூன்றாவதன் காயிலை இரண்டாவதில் மாட்டிப் பார்த்தார், கோளாறு இடம் மாறவில்லை. பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டரையும் அப்படியே மாற்றினார். அதே கதை. தீப்பொறி வருகிறது, பெட்ரோல் வருகிறது, ஆனாலும் எரியவில்லை. அப்படியென்றால் உள்ளே காற்று அமுங்கவில்லை. எங்கோ கசிகிறது.

அழுத்தம் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க. அண்ணன் தெருவைத் தாண்டி வந்து என் கடை முன்னால் நின்றார்.

"தம்பி, சாவி திருப்பணும்."

"இத்தனை நாளா எப்படிண்ணே பண்ணீங்க?"

"மீட்டரைத் தொங்கவிட்டுட்டு, உள்ள உக்காந்து பானெட் இடுக்கு வழியா பாப்பேன். இப்ப கண்ணு பிடிக்கல."

எனக்கு வெட்கமாகிவிட்டது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தானே மூன்று வருஷமாக உட்கார்ந்திருந்தேன்.

சாவியைத் திருப்பினேன். மற்ற மூன்று சிலிண்டர்களும் நூற்று எழுபதை ஒட்டிக் காட்டின. மூன்றாவது அறுபதில் நின்றது. அதற்குள் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி திருப்பச் சொன்னார். முள் ஏறவில்லை. "பிஸ்டன் ரிங் தேஞ்சிருந்தா ஆயிலுக்கு ஏறும். இது வால்வு" என்றார். பிறகு என் கடையிலிருந்து காற்றுக் குழாயை இழுத்து வந்து, பிளக் ஓட்டை வழியாக உள்ளே காற்றை ஏற்றினார். ஆயில் மூடியைத் திறந்து காதை வைத்தார். ஒன்றும் இல்லை. காற்று உள்ளே போகிற வழியிலும் இல்லை. ரேடியேட்டரில் ஒரு குமிழிகூட வரவில்லை. வண்டியின் பின்பக்கம் போய்த் தரையில் படுத்து, புகைக்குழாயில் காதை வைத்தார். என்னையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். புஸ்ஸென்று காற்று வந்துகொண்டிருந்தது. புகை போகிற வால்வு மூடவில்லை.

மேல் மூடியைத் திறந்து, வால்வு இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடுகளில் ஒன்றை நுழைத்தார். நுழையவில்லை. அதைவிட மெல்லியதை எடுத்தார். அதுவும் நுழையவில்லை. மற்ற வால்வுகளில் ஏதோ முக்கி முனகி நுழைந்தது. அண்ணன் தகட்டை வைத்துவிட்டுக் கீழே கிடந்த டயர் மேல் உட்கார்ந்தார்.

"இது நான் பண்ணதுதான், தம்பி."

அன்றைக்குத்தான் அவர் பத்து வார்த்தைக்கு மேல் பேசிக் கேட்டேன். வால்வுக்கும் அதைத் தட்டும் இரும்புக் கைக்கும் நடுவே ஒரு முடி அளவு இடைவெளி விட வேண்டுமாம். சூட்டில் வால்வு நீளும். இடைவெளி இல்லாவிட்டால், மழைக்காலத்தில் உப்பிய கதவு மாதிரி முழுசாக மூடாது. அந்தச் சந்தில் நெருப்பு புகுந்து வால்வின் ஓரத்தைத் தின்றுவிடும். ஆனால் இடைவெளி விட்டால் டிக் டிக் என்று சத்தம் வரும். இவரால்தான் சத்தத்தைத் தாங்க முடியாதே! எட்டு மாதத்துக்கு முன்னால் கணக்கைவிட இறுக்கி வைத்திருக்கிறார். செடிக்காரம்மா புகழ்ந்த அந்த அமைதி இருக்கிறதே, அதுதான் வால்வைத் தின்றது.

நான் மெல்லச் சொன்னேன். "பழைய வண்டிண்ணே. வால்வு போயிடுச்சுன்னு சொல்லுங்க. அதுல பொய்யும் இல்ல. உள்ளதைச் சொன்னா அந்தம்மா இந்தப் பக்கமே வர மாட்டாங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அது தனக்குத் தெரியாதா என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

சனிக்கிழமை காலை செடிக்காரம்மா வந்தார். புது வால்வு போட்டு வண்டி தயாராக நின்றது. அண்ணன் முகம் மழித்திருந்தார். கருகிய வால்வைக் கையில் வைத்துக்கொண்டு, எதையும் மறைக்காமல் சொல்லி முடித்தார். "தொட்டி வாடினது, பள்ளிக்கூடம் போனது, எல்லாம் என்னாலதாம்மா. இதுக்கு ஆன செலவு என்னோடது."

செடிக்காரம்மா பேச்சில்லாமல் நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வால்வை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எட்டு மாசமா நாலு பேர்கிட்ட பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சேனே, அண்ணே" என்றார் கடைசியில். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

வண்டியைக் கிளப்பினார். உதறல் இல்லை. ஆனால் மெல்லிய டிக் டிக் கேட்டது. அது என்ன என்பது போலத் திரும்பினார்.

"அது இருக்கணும்மா" என்றார் அண்ணன்.

செடிக்காரம்மா தலையை ஆட்டிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார். வண்டி போய்விட்டது.

அதற்கப்புறம் அண்ணன், தான் இறுக்கி வைத்த வண்டிக்காரர்களை ஒவ்வொருவராகப் போனில் அழைத்து, வந்து சரிசெய்துகொண்டு போகச் சொன்னார். சிலர் வந்தார்கள். சிலர் திட்டிவிட்டு வேறு பட்டறைக்குப் போனார்கள். பூனை என்ற பெயரும் போனது. நானும் அந்தப் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டேன். இப்போது நாளுக்கு ஒரு தடவையாவது தெருவைத் தாண்டிப் போய் நிற்கிறேன். பெரிதாகப் பேச்சு ஒன்றும் வருவதில்லை. நான் செடிக்காரம்மா இல்லை.

அந்தப் பிக்கப் இன்றைக்கும் வாரத்தில் மூன்று நாள் ஆறரைக்கு இந்தத் தெருவில் போகிறது. முன்பெல்லாம் வாசலில் வந்து நின்றால்தான் வந்ததே தெரியும். இப்போது தெருமுனை திரும்பும்போதே டிக் டிக் கேட்டுவிடுகிறது. அண்ணன் கையிலிருக்கும் ஸ்பேனரை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நிற்பார். சத்தம் நெருங்கும், வாசலைத் தாண்டும், தேயும். போன வாரம் நான் பக்கத்தில் நின்றிருந்தேன். வண்டி நிற்காமல் போய் மறைந்த பிறகும் அவர் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது நல்லா ஓடுது, தம்பி" என்றார்.