லோரி அண்ணன் சுற்றிப் போன வழி

மாலை நான்கு இருபதுக்கு அந்த லோரி எங்கள் கடை வாசலில் பின்னால் நகரத் தொடங்கியது. அத்தா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அசர் தொழுகைக்கு ஒளு செய்யக் குழாயடிக்குப் போயிருந்தார். அதனால்தான் அந்த நேரம் எங்கள் வீட்டில் யாருக்கும் மறக்கவில்லை.

கோல சிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங் போகும் சாலையில், செம்பனைத் தோட்டத்துக்குப் பிரியும் முனையில் அத்தா சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரிக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் நிறுத்துவார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் எங்களுக்கு லோரி அண்ணன். கோப்பி குடித்து முடித்ததும் என் மூன்று வயதுத் தம்பியைத் தூக்கி ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்து ஹார்ன் அடிக்க விடுவார். தோட்டமே கேட்கும்படி அடித்துவிட்டுத்தான் அவன் இறங்குவான்.

அன்று ஆலையில் நீண்ட வரிசை என்று யாரோ சொன்னார்கள். அண்ணன் அவசரமாக ஏறிவிட்டார். தம்பி தன் ஹார்னுக்காக ஓடினான், லோரியின் பின்பக்கமாக.

அடக்கம் முடிந்து வந்த அத்தா, கால் மண்ணைக்கூடக் கழுவாமல் போலீஸ் நிலையத்துக்குப் போய், அவன் வேண்டுமென்று செய்யவில்லை, நான் மன்னித்துவிட்டேன் என்று சொன்னாராம். ஏழாம் நாள் பாத்திஹாவுக்கு வந்த, எங்களுக்கு ஓதிக்கொடுக்கும் ஆலிம்சா அதையே சொல்லிச் சொல்லி அழுதார். தாயிபில் கல்லடி பட்டு இரத்தம் வழிய நின்றபோதும் அந்த ஊரை அழிக்கக் கேட்காத நபிகள் நாயகத்தின் (ஸல்) குணம் இந்த வீட்டில் தெரிகிறது என்றார். எனக்கு ஒன்பது வயது. மன்னித்தாகிவிட்டது என்றால் லோரி அண்ணன் மறுபடி வருவார் என்று மட்டும் எனக்குப் புரிந்தது. தம்பியும் இல்லாமல், ஹார்னும் இல்லாமல் கிடந்த வாசலில் நான் அவருக்காகக் காத்திருந்தேன்.

நாற்பதாம் பாத்திஹா முடிந்த வாரம் அவர் வந்தார். லோரி இல்லாமல் நடந்து வந்தார்.

“நானா...” என்றார் அத்தாவைப் பார்த்து. லோரிக்காரர்கள் எல்லாரும் அத்தாவை அண்ணன் முறையில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“உட்காருப்பா.”

அத்தாவே கோப்பி கலக்கிக்கொண்டு வந்தார். மேசையில் வைக்கும்போது பாதி தட்டில் சிந்தியது.

“உன்மேல கோபம் இல்லப்பா. மன்னிச்சது மன்னிச்சதுதான். ஆனா உன் முகத்தைப் பார்த்தா எனக்கு அவன்தான் தெரியுறான். என் கண்ணுல படாம இருக்க முடியுமா?”

“சரி நானா.”

கோப்பியைத் தொடாமல் எழுந்து போனார்.

அதன் பிறகு அவருடைய லோரி எங்கள் சாலையில் வரவே இல்லை. வாய்க்கால் கரை மண்பாதையில் சுற்றிக்கொண்டு ஆலைக்குப் போயிற்று. அத்தா அப்படிக் கேட்டது மற்ற லோரிக்காரர்களுக்குத் தெரியாது.

“சுத்திச் சுத்திப் போறான்லா. லேட்டா வர்றான்னு மேஸ்திரி மண்டோர்கிட்ட தினம் ஏச்சு வாங்குறான். நானா கடைக் கோப்பி கசக்குதாம் அவனுக்கு!”

அவர்கள் சிரிக்கும்போது அத்தா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஓதப் போன இடத்தில் ஆலிம்சா ஒருநாள் வஹ்ஷியின் கதையைச் சொன்னார். தம் சிறிய தந்தை ஹம்ஸாவைக் கொன்ற அந்த மனிதரையும் நாயகம் மன்னித்தார்கள் என்று முடித்தார். எல்லாப் பிள்ளைகளும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அத்தா பாதிதான் மன்னித்திருக்கிறார் என்பது எனக்கு மட்டும்தானே தெரியும்.

இப்போது எனக்கும் ஒரு மகன். ஏதாவது வண்டி பின்னோக்கி நகரும் சத்தம் கேட்டால், அவன் பள்ளியில் இருக்கிறான் என்று தெரிந்தும் கை அவனைத் தேடுகிறது. அவனுக்குச் சொல்லித்தருவதற்காக நபி வரலாற்றை எடுத்துப் படித்தபோதுதான் ஆலிம்சா சொல்லாமல் விட்ட மிச்சத்தைக் கண்டேன். மன்னித்த பிறகு நாயகம் வஹ்ஷியிடம், உன் முகத்தை என் பார்வையில் படாமல் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்களாம். அவரும் நாயகத்தின் காலம் முடியும்வரை எதிரே வராமலே ஒதுங்கியிருந்தாராம். கல்லெறிந்த ஊரையே பொறுத்துக்கொண்ட மனதுக்கும் பார்க்கத் தாங்காத ஒரு முகம் இருந்திருக்கிறது. அத்தா பாதியில் நிறுத்தவில்லை. முழுதாகக் கொடுத்துவிட்டு, வலியை மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்டார். இது தெரிந்துதான் அன்று அப்படிக் கேட்டாரா என்று அவரிடம் கேட்க நினைத்துக்கொண்டே இருந்தேன். போன மாதம் அவர் மவுத்தாகிவிட்டார்.

ஜனாஸாவை எடுப்பதற்கு முன் கடைசியாக முகம் பார்க்க ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். எல்லாரும் பார்த்து முடித்த பிறகு, வேலிக்கு வெளியே தலை நரைத்த ஒருவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். அருகில் போனதும் அடையாளம் தெரிந்தது.

“பாப்பா,” என்றார் லோரி அண்ணன். “நானா என்னைப் பார்க்கக்கூடாதுன்னுதானே சொன்னாரு. நான் அவரைப் பார்க்கலாமா?”